சூரிய மின்கலமும் எரிபொருள் சுடரும்: விண்வெளிப் பயன்பாட்டுக்கான சோதனைகளைத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

செயற்கைக்கோளை மேலே கொண்டு செல்வது எரிபொருளின் சுடர். மேலே சென்ற பிறகு அதற்கு மின்சாரம் தருவது சூரிய மின்கலம். இவ்விரண்டையும் சோதிக்கும் மேசைகள் ஆய்வகத்தில் தனித்தனி அறைகளில் இருக்கும். கருவிகளும் வேறு, ஆபத்துகளும் வேறு. ஆனாலும் புதிதாக வருபவர்கள் இரண்டு மேசைகளிலும் செய்யும் தவறு ஒன்றேதான். வெளியே வருவதை, அதாவது மின்னோட்டத்தையோ சுடரின் உயரத்தையோ, மிகக் கவனமாக அளப்பார்கள். உள்ளே போகும் ஒளியையும் வாயுவையும் கருவியின் முகப்பில் எழுதியிருக்கும் எண்ணை நம்பி அப்படியே எடுத்துக்கொள்வார்கள். முடிவு கெடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் உள்ளீட்டைச் சரிபார்ப்பதிலேயே அதிக நேரம் செலவிடுகிறது.

மின்கலத்தில் தொடங்குவோம்

முதல் சோதனைக்கு விலையுயர்ந்த விண்வெளி மின்கலத்தைக் கையில் எடுக்க வேண்டாம். 2 செ.மீ நீளமும் 2 செ.மீ அகலமும் கொண்ட சாதாரண சிலிக்கான் கலம் ஒன்று போதும். அதன் பரப்பை முதலில் நுண்ணளவியால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். விளிம்பில் அரை மில்லிமீட்டர் பிசகினாலே செயல்திறனில் இரண்டரை விழுக்காடு பிசகு வந்துவிடும்.

அடுத்தது ஒளி. தரையில் பயன்படும் மின்கலங்களுக்கு உலகெங்கும் ஏற்கப்பட்ட அளவு ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட். இதன் நிறமாலையை ஏஎம் 1.5 என்பார்கள்; ஏஎம் (Air Mass) என்பது ஒளி கடந்துவரும் காற்றின் அளவைக் குறிக்கும். வளிமண்டலத்துக்கு வெளியே, பூமி சூரியனைச் சுற்றும் தொலைவில், அது சுமார் 1361 வாட். அதன் நிறமாலை ஏஎம் 0. ஆய்வகத்தில் இந்த ஒளியைத் தருவது செனான் விளக்குப் பொருத்திய சூரிய ஒளிப் பாவிப்பான், அதாவது சூரிய ஒளியைப் போலச் செய்யும் கருவி. முதல் தரப் பாவிப்பானுக்கு மூன்று தேர்வுகள் உண்டு: நிறமாலையின் ஒவ்வொரு பட்டையும் இருக்கவேண்டிய அளவில் 0.75 முதல் 1.25 மடங்குக்குள் இருக்க வேண்டும். ஒளிபடும் தளத்தில் இடத்துக்கு இடம் வேறுபாடு 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. நேரத்துக்கு நேரம் ஏற்ற இறக்கமும் அதே 2 விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டும். கருவி வாங்கிய அன்று இவை சரியாக இருந்திருக்கலாம். செனான் விளக்கு எரிய எரிய அதன் நிறமாலை மாறுகிறது என்பதால், விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் குறித்து வையுங்கள்.

விளக்கை ஏற்றி அரை மணி நேரம் நிலைபெற விட்ட பின், ஒப்பீட்டுக் கலத்தை மேடையில் வையுங்கள். இது குறிப்பிட்ட ஒளியில் எவ்வளவு மின்னோட்டம் தரும் என்று முன்பே அளந்து சான்றளிக்கப்பட்ட கலம். அந்த மின்னோட்டம் வரும்வரை விளக்கின் திறனையோ தொலைவையோ சரிசெய்யுங்கள். சாதாரண ஒளிமானியை இங்கே பயன்படுத்தக் கூடாது, ஏனெனில் ஒளிமானி ஒளியைப் பார்க்கும் விதம் வேறு, சிலிக்கான் பார்க்கும் விதம் வேறு. ஒப்பீட்டுக் கலம் நீங்கள் சோதிக்கப்போகும் கலத்தின் இனத்தைச் சேர்ந்ததாகவே இருக்க வேண்டும். இந்த ஒரு படிக்கு நான் புதியவர்களை ஒரு முழு நாள் உட்கார வைப்பேன். அந்த நாள் வீணாவதில்லை.

இனிக் கலத்தைப் பொருத்தலாம். கீழே நீர் ஓடும் செப்புக் கட்டை. அதன்மேல் கலத்தை வெற்றிடம் பிடித்திழுக்கும். மேலிருந்து பொன் முலாம் பூசிய ஊசிமுனைகள் வெள்ளிக் கோடுகளின்மேல் மெல்ல இறங்கும். ஊசி இறங்கும்போது காது கொடுத்துக் கேட்டால், கலம் சரியாகத் தட்டையாக இல்லாத இடத்தில் 'டிக்' என்று ஒரு சிறு ஒலி எழும். அது விரிசலின் ஒலி. உடனே நிறுத்திவிடுங்கள்.

இணைப்புக்கு இரண்டு கம்பிகள் போதாது, நான்கு வேண்டும்: இரண்டு மின்னோட்டத்தை எடுத்துச்செல்ல, இரண்டு மின்னழுத்தத்தை மட்டும் பார்க்க. காரணத்தை ஒரு கணக்கில் காணலாம். நம்முடைய 4 சதுர செ.மீ கலம் 144 மில்லி ஆம்பியர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பியிலும் முனையிலும் சேர்த்து 0.1 ஓம் தடை இருந்தால் 14 மில்லி வோல்ட் அங்கேயே கரைந்துபோகும். கலத்தின் உச்சத்திறன் அரை வோல்ட் அருகே கிடைக்கிறது என்பதால், ஏறத்தாழ 3 விழுக்காட்டுத் திறன் கம்பியில் காணாமல்போய், கலத்தின் கணக்கில் பழியாக விழும்.

வெப்பநிலையும் அப்படித்தான். சிலிக்கான் கலத்தின் மின்னழுத்தம் ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறத்தாழ 2 மில்லி வோல்ட் குறைகிறது. ஒளியைத் திறந்துவைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் கலம் 10 பாகை சூடேறுவதற்கு அதிக நேரம் ஆகாது. 20 மில்லி வோல்ட் போய்விடும். ஆகவே ஒளியை மறைப்பானால் மூடிவைத்து, அளக்கும் சில நொடிகள் மட்டும் திறந்துவையுங்கள். தரைக் கலங்களை 25 பாகையில் அளப்பது வழக்கம். விண்வெளிக் கலங்களின் விவரத்தாள்களில் 28 பாகையை அடிக்கடி காண்பீர்கள். இரண்டையும் ஒப்பிடுவதற்கு முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது மின்னழுத்தத்தைச் சுழியிலிருந்து படிப்படியாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் மின்னோட்டத்தைப் பதிவுசெய்யுங்கள். பிறகு மேலிருந்து கீழாகவும் ஒருமுறை. இரண்டு வரைகோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படியாவிட்டால், வேகமாக அளந்துவிட்டீர்கள் அல்லது கலம் இடையில் சூடேறிவிட்டது. சுழி மின்னழுத்தத்தில் கிடைப்பது குறுக்குச் சுற்று மின்னோட்டம். மின்னோட்டம் சுழியாகும் இடம் திறந்த சுற்று மின்னழுத்தம். நம் எடுத்துக்காட்டில் அவை 144 மில்லி ஆம்பியர், 0.61 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் வரும் எண்ணில் எத்தனை பங்கை உச்சத்திறன் எட்டுகிறது என்பதே நிரப்புக் காரணி. அது 0.77 என்றால் உச்சத்திறன் 67.6 மில்லி வாட், கலத்தின்மேல் விழுந்த ஒளி 400 மில்லி வாட், செயல்திறன் 16.9 விழுக்காடு.

ஆனால் எண்ணைவிட வரைகோட்டின் வடிவம் அதிகம் பேசும். இடப்புறம் தட்டையாக இருக்கவேண்டிய பகுதி சரிந்து இறங்கினால், கலத்தின் விளிம்பில் மின்சாரம் கசிகிறது. வலப்புறம் செங்குத்தாக விழவேண்டிய பகுதி சாய்ந்து நின்றால், தொடர்தடை கூடுதல்; பெரும்பாலும் ஊசிமுனை சரியாகப் படியவில்லை. தொடராக இணைத்த கலங்களில் நடுவே படிக்கட்டு தெரிந்தால், ஒரு கலம் மற்றவற்றைவிடக் குறைவாகத் தருகிறது. இருட்டறையில் கலத்துக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து அகச்சிவப்புக் கேமராவில் பார்த்தால், அது மங்கலாக ஒளிரும். விரிசலால் துண்டிக்கப்பட்ட பகுதி கருப்பாக நிற்கும்.

தரையிலிருந்து விண்ணுக்கு

ஏஎம் 0 ஒளியை விளக்கால் முழுமையாகப் போலச் செய்ய முடியாது. அப்படியானால் அந்த ஒளிக்கான ஒப்பீட்டுக் கலத்துக்குச் சான்று தருவது யார்? இங்கேதான் இந்தத் துறையின் மிக அழகான வேலை இருக்கிறது. அமெரிக்காவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் பல்லாண்டுகளாகக் கலங்களைப் பலூனில் கட்டி, வளிமண்டலத்தின் மிகப் பெரும்பகுதி கீழே தங்கிவிடும் 36 கி.மீ உயரத்துக்கு அனுப்பி, சூரியனை நேராகப் பார்க்க வைத்து அளந்து, பாராசூட்டில் இறக்கியது. கிளீவ்லாந்தில் உள்ள நாசா கிளென் ஆய்வு மையம் லியர்ஜெட் விமானத்தைப் பயன்படுத்தியது. விமானம் சுமார் 15 கி.மீ உயரத்திலிருந்து இறங்கிக்கொண்டே வரும். ஒவ்வொரு உயரத்திலும் கலத்தின் மின்னோட்டத்தை அளப்பார்கள். மின்னோட்டத்தின் மடக்கையைக் காற்றழுத்தத்துக்கு எதிரே வரைந்து, அந்தக் கோட்டை அழுத்தம் சுழியாகும் இடம்வரை நீட்டினால், காற்றே இல்லாத இடத்தில் கலம் என்ன தரும் என்பது தெரிந்துவிடும். காற்றைத் தாண்டிச் செல்லாமலே காற்றைக் கழித்துவிடும் இந்த முறையை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

இன்றைய செயற்கைக்கோள்களில் பல மூன்று சந்திக் கலங்களைக் கொண்டவை: மேலே இண்டியம் காலியம் பாஸ்பைடு, நடுவில் காலியம் ஆர்சனைடு, அடியில் ஜெர்மானியம். ஏஎம் 0 ஒளியில் இவற்றின் செயல்திறன் 30 விழுக்காடு அளவில் இருக்கும். திறந்த சுற்று மின்னழுத்தம் 2.7 வோல்ட் அருகே. மூன்றும் தொடராக அடுக்கப்பட்டிருப்பதால், மிகக் குறைந்த மின்னோட்டம் தரும் அடுக்கே முழுக் கலத்தின் மின்னோட்டத்தையும் முடிவுசெய்கிறது. பாவிப்பானின் ஒளியில் நீலம் சற்றுக் குறைந்தால் மேல் அடுக்கு நெரிக்கப்படும். மொத்த ஒளி சரியாக இருந்தும் முடிவு தவறாகும். எனவே ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனி ஒப்பீட்டுக் கலம் வைத்து, ஒளியின் பட்டைகளைத் தனித்தனியே சரிசெய்யும் பாவிப்பான் தேவை. சிலிக்கானில் பழகாமல் இதைத் தொடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

கலம் புதிதாக இருக்கும்போது என்ன தருகிறது என்பது பாதிக் கேள்விதான். கதிர்வீச்சில் பல ஆண்டுகள் கிடந்த பின் என்ன தரும் என்பதே மீதி. 1962 ஜூலை 9 அன்று அமெரிக்கா சுமார் 400 கி.மீ உயரத்தில் வெடித்த ஸ்டார்ஃபிஷ் பிரைம் அணுகுண்டு விண்வெளியில் எலக்ட்ரான்களை நிரப்பியது. ஏரியல் 1, டிரான்சிட் 4பி ஆகிய செயற்கைக்கோள்களின் சூரியத் தகடுகள் அதில் சீர்குலைந்தன. இயற்கையான கதிர்வீச்சுப் பட்டைகளில் அதே சேதம் மெதுவாக நடக்கிறது. அதை ஆய்வகத்தில் விரைவாகக் காண, முடுக்கியில் 10 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான்களைக் கலத்தின்மேல் பாய்ச்சி, குறிப்பிட்ட அளவுகளுக்குப் பிறகு மேற்சொன்ன வரைகோட்டை மீண்டும் மீண்டும் எடுப்பார்கள். புதியவரின் பங்கு அந்த மறு அளவீடுதான். கதிர்வீச்சுக்கு முன்பும் பின்பும் ஒளியும் வெப்பநிலையும் ஒன்றாக இல்லாவிட்டால், சேதத்தையும் அளவுப்பிழையையும் பிரிக்க வழியே இல்லை. வெப்பச் சுழற்சிச் சோதனைக்கும் இதே விதி: தாழ் சுற்றுப்பாதையில் நாளொன்றுக்கு 15, 16 முறை வெயிலும் நிழலும் மாறும், ஓராண்டில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகள். பற்றவைப்புகள் விட்டுப்போவது அங்கேதான் தெரியும்.

சுடர் மேசை

எரிபொருளிலும் எளிமையானதிலிருந்து தொடங்க வேண்டும். சான்றளிக்கப்பட்ட மீத்தேன் சிலிண்டர் ஒன்று வாங்குங்கள். வீட்டுச் சமையல் எரிவாயு மலிவாகக் கிடைக்கிறதே என்று தோன்றும். ஆனால் அது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது, புரோப்பேன் முதலில் ஆவியாவதால் சிலிண்டர் காலியாகக் காலியாகக் கலவையே மாறிக்கொண்டிருக்கும். சுடர் எப்படி இருக்கும் என்று பார்த்துப் பழக அது உதவும், அளக்க உதவாது.

பாதுகாப்பில் மூன்று செய்திகளை மனப்பாடமாக வைத்திருங்கள். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 விழுக்காடு கலந்தால் தீப்பற்றும். ஹைட்ரஜனுக்கு இந்த எல்லை 4 முதல் 75 வரை. மீத்தேன் மேலே எழும், சமையல் எரிவாயு தரையில் தேங்கும். கசிவு உணர்வியை எங்கே பொருத்துவது என்பது இதைப் பொறுத்தது. ஹைட்ரஜன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. எரிபொருளை அடைக்கும் வால்வு சுடருக்குப் பின்னால் இருக்கக் கூடாது. சுடரைத் தாண்டிக் கை நீட்டாமல் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கலவைக் குழாயில் சுடர் பின்னோக்கிப் பாய்வதைத் தடுக்கும் தடுப்பான் கட்டாயம்.

சோதனையின் நோக்கம் அடுக்கியல் எரிவேகத்தை அறிவது, அதாவது அசையாமல் இருக்கும் கலவைக்குள் சுடர் என்ன வேகத்தில் முன்னேறும் என்பது. 10 மி.மீ உள்விட்டமும் அரை மீட்டர் நீளமும் கொண்ட நேரான குழாய் போதும். ஓட்டம் உள்ளே சீராக அமைவதற்கு அந்த நீளம் வேண்டும். நொடிக்கு 1.2 மீட்டர் சராசரி வேகம் என்று எடுத்தால் மொத்த ஓட்டம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5.65 லிட்டர். மீத்தேன் முழுதாக எரிய அதன் கனஅளவைப்போல் 9.52 மடங்கு காற்று வேண்டும் என்பதால், அதில் மீத்தேன் 0.54 லிட்டர், மீதி காற்று. எரிபொருளும் காற்றும் இப்படி மிச்சமில்லாமல் பொருந்தும் கலவைக்குச் சமான விகிதம் 1. எரிபொருள் மிகுந்தால் அது 1ஐத் தாண்டும்.

இனி ஓட்டமானி. இதில் நானே பட்டதைச் சொல்ல வேண்டும். முன்பு நான் வேலை செய்த ஓர் ஆய்வகத்தில் புரோப்பேன் சுடரின் எரிவேகத்தை வெவ்வேறு கலவைகளில் அளந்தேன். வரைகோடு வழுவழுப்பாக, மிக அழகாக வந்தது. உச்சம் மட்டும் சமான விகிதம் 1.3 அருகே இருந்தது. ஹைட்ரோகார்பன் எரிபொருள்களுக்கு அது 1.05, 1.1 அளவில் இருக்க வேண்டும். இரண்டு வாரம் படங்களையும் கோணங்களையும் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். பிழை படத்தில் இல்லை. புரோப்பேன் ஓடிய ரோட்டாமீட்டர், அதாவது மிதவை ஏறும் உயரத்தால் ஓட்டத்தைக் காட்டும் மானி, காற்றுக்காக அளவிடப்பட்டது. புரோப்பேன் காற்றைப்போல் ஒன்றரை மடங்கு அடர்த்தி உடையது. மிதவை காட்டிய எண்ணில் உண்மையில் ஓடியது 0.81 பங்குதான். 1.3ஐ அதனால் பெருக்கினால் 1.05 வந்துவிடுகிறது. அன்றிலிருந்து, எந்த ஓட்டமானியையும் எந்த வாயு ஓடப்போகிறதோ அந்த வாயுவைக் கொண்டே சோப்புக் குமிழ் ஓட்டமானியில் சரிபார்க்காமல் நான் தொடுவதில்லை. கண்ணாடிக் குழாயில் ஒரு சோப்புப் படலம் 100 மில்லி லிட்டர் கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு ஏறும் நேரத்தை நிறுத்துக் கடிகாரத்தில் எடுப்பது பழைய முறைதான். ஆனால் அது பொய் சொல்லாது.

பற்றவைக்கும்போது முதலில் சிறிதளவு எரிபொருளை மட்டும் விட்டு மஞ்சள் சுடரை ஏற்றுங்கள். பிறகு காற்றை மெல்லக் கூட்டுங்கள். மஞ்சள் கீழிருந்து கரைந்து நீலமாகும்; குழாயின் வாயில் கூர்மையான உள்கூம்பு ஒன்று தோன்றி நிற்கும். அணைக்கும்போது எரிபொருளை முதலில் சட்டென்று மூடுங்கள். காற்று தொடர்ந்து ஓடிக் குழாயைத் துடைத்துவிடும்.

கூம்பு நடுங்காமல் நிற்கும்போது இருட்டில் படமெடுங்கள். அளவுகோலைச் சுடருக்குப் பின்னால் அல்ல, சுடர் நின்ற அதே தளத்தில் வைத்து ஒரு படம் தனியாக எடுக்க வேண்டும். மேற்சொன்ன ஓட்டத்தில் கூம்பின் உயரம் ஏறத்தாழ 15 மி.மீ இருக்கும். படத்திலிருந்து கூம்பின் பக்கப் பரப்பைக் கணக்கிட்டு, மொத்தக் கன ஓட்டத்தை அதனால் வகுங்கள்: நொடிக்கு 94 கன செ.மீ ஓட்டம், 2.54 சதுர செ.மீ பரப்பு என்றால் நொடிக்கு 37 செ.மீ எரிவேகம். அறை வெப்பநிலையிலும் இயல்பான காற்றழுத்தத்திலும் மீத்தேனுக்கு ஏற்கப்பட்ட மதிப்பு 36 முதல் 38 வரை என்பதால் இது நல்ல முடிவு. உங்களுக்கு 33 கிடைத்தால் மனம் தளர வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் நீல விளிம்பு உண்மையான எரிமுனைக்குச் சற்று வெளியே இருப்பதால் பரப்பு கூடுதலாகவும் வேகம் குறைவாகவும் வரும். வாயுவின் அடர்த்தி வேறுபாட்டைப் படமாக்கும் ஷ்லீரன் ஒளியமைப்பில் எடுத்தால் விளிம்பு உள்ளே நகர்ந்து மதிப்பு உயரும். எந்த விளிம்பைப் பயன்படுத்தினீர்கள் என்பதை முடிவோடு சேர்த்து எழுதுவது கட்டாயம்.

வெப்பநிலையையும் அளக்க விரும்பினால், நிக்கல் கலவையால் ஆன கே வகை வெப்ப மின்னிரட்டையைச் சுடருக்குள் விட வேண்டாம். அது 1250 பாகை அளவோடு நின்றுவிடும், மீத்தேன் சுடரோ 1900 பாகையைத் தாண்டும். பிளாட்டினம் ரோடியம் கம்பியை மெல்லியதாக எடுத்துக்கொண்டு, கூம்பின் கூர்மையான வெப்பப் பகுதியைத் தவிர்த்து, சற்று ஆறிய மேற்பகுதியில் அளக்கலாம். அங்கும் கம்பி வெளிவிடும் கதிர்வீச்சால் காட்டும் எண் குறைவாகவே இருக்கும், திருத்தம் செய்ய வேண்டும்.

மண்ணெண்ணெய் திரியும் விமான எரிபொருளும்

விமான எரிபொருளான ஜெட் ஏ-1 மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்தது. அதன் உறைநிலை −47 பாகைக்குக் கீழும் தீப்பற்று நிலை குறைந்தது 38 பாகையாகவும் இருக்க வேண்டும். அதற்குரிய சோதனைகளுள் புதியவர் ஒரே நாளில் கற்றுக்கொள்ளக் கூடியது புகைப்புள்ளி, அதாவது புகையாமல் எரியும் சுடரின் உச்ச உயரம். அரிக்கேன் விளக்கில் திரியை அதிகம் ஏற்றினால் சிம்னியில் கரி படிவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. திரியைக் கழுவி உலர்த்தி, எரிபொருளில் நனைத்து, 6 மி.மீ வெளியே நிற்கும்படி நேராக வெட்டுங்கள். பிசிறு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தாலும் சுடர் ஒரு பக்கம் சாயும். 10 மி.மீ சுடரை 5 நிமிடம் எரியவிட்டு, பிறகு புகைவால் தோன்றும்வரை உயர்த்தி, மெல்ல இறக்குங்கள். நீண்டு மெலிந்த கூர்நுனியும் அதன் பக்கக் குழிவும் மறைந்து, நுனி சற்றே மழுங்கிய அந்தக் கணத்தில் உயரத்தை அரை மில்லிமீட்டர் துல்லியத்தில் எழுதுங்கள். மூன்று அளவீடுகள் 1 மி.மீ-க்குள் ஒத்துப்போக வேண்டும். 25 மி.மீ அல்லது அதற்கு மேல் வந்தால் ஏற்புடையது. நாப்தலீன்கள் 3 விழுக்காட்டுக்குள் இருந்தால் 18 மி.மீ வரை ஏற்பார்கள். குறைந்த உயரத்திலேயே புகைந்தால் கரித்துகள் அதிகம், அது எஞ்சினின் எரியறைச் சுவருக்குக் கதிர்வீச்சாக வெப்பத்தைக் கொட்டும். இங்கும் உள்ளீட்டைச் சரிபார்க்கும் வழி உண்டு: தூய ஐசோஆக்டேனை அதே விளக்கில் எரித்தால், கடல்மட்டக் காற்றழுத்தத்தில் 42.8 மி.மீ வர வேண்டும். வராவிட்டால் விளக்கையும் பார்வையையும் திருத்திய பிறகே மாதிரியைத் தொடுங்கள்.

இந்த எரிபொருளின் எரிவேகத்தை அளக்க முதலில் அதை ஆவியாக்க வேண்டும். சுமார் 400 கெல்வினுக்குச் சூடாக்கிய குழாயில் எங்கேனும் ஓர் இடம் குளிர்ந்திருந்தாலும் கனமான கூறுகள் அங்கே திரவமாகத் தங்கி, சுடருக்குப் போய்ச்சேரும் கலவை வேறாகிவிடும். நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிக்கும், திரவ ஆக்சிஜனோடு மண்ணெண்ணெயை எரிக்கும் அரைக்கிரையோ எஞ்சினின் தூய்மையாக்கப்பட்ட மண்ணெண்ணெய்க்கும் இந்தக் கவனம் பொருந்தும். தாவர எண்ணெயிலிருந்தும் கழிவுகளிலிருந்தும் எடுக்கப்படும் புதிய விமான எரிபொருள்கள் இன்று வழக்கமான எரிபொருளோடு அதிகபட்சம் 50 விழுக்காடு வரைதான் கலக்க அனுமதிக்கப்படுகின்றன. அந்த அனுமதியும் மேசைச் சோதனையில் தொடங்கி எரியறை, எஞ்சின் எனப் படிப்படியாக ஏறித்தான் கிடைக்கிறது. 10 கி.மீ உயரத்தில் காற்றழுத்தம் தரையின் கால் பங்கு, வெப்பநிலை −50 பாகை. அணைந்த எஞ்சின் அந்த நிலையில் மீண்டும் பற்றுமா என்பதைத் தரையிலேயே தாழ் அழுத்த அறைகளில் காட்டியாக வேண்டும்.

ஈர்ப்பு இல்லாத சுடரைப் பார்க்க, கிளீவ்லாந்தின் நாசா மையத்தில் 132 மீட்டர் ஆழத்துக்குச் சோதனைப் பெட்டியை வெற்றிடத்தில் விழவிடுகிறார்கள், கிடைப்பது 5.18 நொடி. சூடான காற்று மேலே எழாததால் சுடர் கூர்நுனியை இழந்து உருண்டையாகிறது. 5 நொடிச் சோதனைக்கு நீண்ட தயாரிப்பு. வாயுவின் அளவைச் சரிபார்ப்பதும் அதில் அடங்கும்.

எந்த மேசையானாலும், விளக்கை அணைத்துவிட்டு எழுந்திருக்கும் முன் குறிப்பேட்டில் இவற்றை எழுதுங்கள்: அறையின் வெப்பநிலை, காற்றழுத்தம், ஈரப்பதம், விளக்கின் மணிக்கணக்கு, ஒப்பீட்டுக் கலம் முதலிலும் கடைசியிலும் தந்த மின்னோட்டம், சிலிண்டரின் சான்றிதழ் எண், அதில் மீதமுள்ள அழுத்தம், ஓட்டமானியை எந்த வாயுவால், எந்தத் தேதியில் சரிபார்த்தீர்கள் என்பது. அளந்த எண்களை அதற்கு அடுத்த பக்கத்தில் எழுதலாம்.